மட்பாண்டங்களைத் தேடிய பெருமாட்டி

விளிம்பு உடைந்த தட்டு, நிறம் மங்கிய குவளை ஆகியவற்றைப் பயனற்றவை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், அத்தகைய பழம்பாண்டங்களில் ஒரு நாட்டின் கைவினைத் திறனைக் கண்டார் ஒரு பெண்மணி. அவர்தான் சார்லட் ஷ்ரைபர் அம்மையார்.

சார்லட், 1812ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன்ஷியர் பகுதியில் ஒரு பிரபுவின் மகளாகப் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். அக்காலத்தில் பெண்கள் பல்கலைக்கழகத்தில் பயில வழியில்லை. ஆயினும், அவர் தம் சொந்த முயற்சியால் அரபு, எபிரேயம், பாரசீகம் ஆகிய மொழிகளைக் கற்றார்.

1833ஆம் ஆண்டு, வேல்ஸ் பகுதியில் டவ்லைஸ் இரும்பாலையை நடத்திய ஜான் கெஸ்ட் என்பவரை மணந்தார். பத்துப் பிள்ளைகளுக்குத் தாயான போதும் அவருடைய கல்வி ஆர்வம் குறையவில்லை. வேல்ஸ் மொழியைக் கற்று, அம்மொழியின் பழங்கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1852ஆம் ஆண்டு கணவர் இறந்ததும், அந்த மாபெரும் இரும்பாலையின் நிர்வாகப் பொறுப்பைத் தாமே ஏற்றார்.

பின்னர், 1855ஆம் ஆண்டு சார்ல்ஸ் ஷ்ரைபர் என்னும் கல்விமானை மணந்தார். சில ஆண்டுகளில் இருவரும் பழம்பாண்டங்களைச் சேகரிக்கத் தொடங்கினர். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஸ்டஃபோர்ட்ஷியர் பகுதியில் செய்யப்பட்ட மட்பாண்டங்கள் கப்பலேறிப் பல நாடுகளுக்குச் சென்றிருந்தன. அவற்றைத் தேடி ஹாலந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் முதலிய நாடுகளுக்குத் தம்பதியர் பயணம் செய்தனர். பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கினர். வாங்கிய பொருள், இடம், விலை ஆகியவற்றை அம்மையார் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

அப்பாண்டங்களின் அழகுக்குப் பின்னால் பலரின் உழைப்பு இருந்தது. லிவர்பூல் நகரத்துக் கைவினைஞர்கள், முதலில் செப்புத் தகட்டில் ஓவியத்தைச் செதுக்கினர். பிறகு, அதில் மை தடவி மெல்லிய தாளில் அச்செடுத்தனர். அந்தத் தாளைப் பாண்டத்தின் மீது அழுத்தி, ஓவியம் படிந்ததும் மீண்டும் சூளையில் சுட்டனர். புகழ்பெற்ற குயவரான ஜொசாயா வெட்ஜ்வுட்டும் தம் பாண்டங்களை அங்கு அனுப்பி ஓவியம் பதிக்கச் செய்தார். உணவு பரிமாறும் தட்டில்கூட அக்கால மக்களின் உடையும் வாழ்க்கையும் இவ்வாறு பதிவாயின.

1884ஆம் ஆண்டு சார்ல்ஸ் லிஸ்பன் நகரில் காலமானார். ஒன்றாகத் தேடிய துணை இல்லாமல் அம்மையார் துயரத்தில் ஆழ்ந்தார். இருவரும் சேர்த்த பொருள்களை விற்றிருந்தால் பெரும்பணம் கிடைத்திருக்கும். வீட்டிலேயே வைத்திருந்தால் குடும்பத்தார் மட்டும் கண்டு மகிழ்ந்திருப்பர். அவரோ, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலப் பாண்டங்களையும் கலைப்பொருள்களையும் கணவரின் நினைவாக லண்டன் சவுத் கென்சிங்டன் அரும்பொருளகத்திற்கு அன்பளிப்பாக வழங்கினார். அவற்றுக்கான விவரப் பட்டியலும் மறு ஆண்டு வெளியானது. இன்று அந்த அரும்பொருளகம் விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகம் என்று அழைக்கப்படுகிறது.

அதன் பின்னரும் அவர் ஓய்ந்துவிடவில்லை. எழுபது வயதைக் கடந்த நிலையிலும், தாம் சேகரித்த விசிறிகளையும் சீட்டுக்கட்டுகளையும் பற்றி நூல்களை வெளியிட்டார். முதுமையில் அவருடைய கண்பார்வை மங்கியது. 1895ஆம் ஆண்டு அவர் இயற்கை எய்தினார்.

தாம் தேடிய அழகைக் கண்ணாரக் காணும் வாய்ப்பை இறுதிக் காலத்தில் அவர் இழந்தார். ஆனால், அவ்வழகை அவர் முன்பே பொதுமக்களுக்கு உரிமையாக்கியிருந்தார். பெயர் தெரியாத குயவர்களின் கைத்திறனை இன்றும் மக்கள் கண்டு வியக்க, அவருடைய ஈகையும் ஒரு காரணம்.