எண்களால் மாலை தொடுத்த மகாவீராசாரியர்

சமணச் சான்றோர் தமிழுக்குக் காப்பியமும் இலக்கணமும் நீதிநூலும் அளித்தமையை நாம் நன்கறிவோம். கணிதத்துக்கென்றே தனிநூல் இயற்றிய திகம்பர ஆசாரியர் ஒருவர் கன்னட நாட்டில் வாழ்ந்ததை நம்முள் பலர் அறியார். இருபத்துநான்காம் தீர்த்தங்கரரின் திருப்பெயரைத் தாங்கிய மகாவீராசாரியரே அவர்.

அவர் காலம் ஒன்பதாம் நூற்றாண்டு. மானியகேடத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கன் (கி.பி. 814-878) அவரைப் போற்றினான். ஆதிபுராணம் பாடிய ஜினசேனாசாரியரைக் குருவாகக் கொண்டவன் அம்மன்னன். மகாவீராசாரியர் தம் நூலின் தொடக்கத்தில் ஜினரை வணங்கி, மன்னனை வாழ்த்தி, முன்னோர் கூறியவற்றின் சாரத்தையே திரட்டித் தருவதாக அடக்கத்துடன் உரைக்கிறார். தம் வாழ்க்கை வரலாற்றை அவர் எழுதிவைக்கவில்லை. அவரை அறிய நமக்குள்ள வாயில் 'கணித சார சங்கிரகம்' என்னும் அந்நூலே.

அதுவரை கணிதம் பெரும்பாலும் வானநூலின் ஓர் உறுப்பாகவே கற்பிக்கப்பட்டது. அதனைப் பிரித்துத் தனிக்கலையாக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடமொழிச் செய்யுட்களில் அமைத்தார் அவர். உலகின் அளவையும் காலத்தின் நீட்சியையும் கணக்கிடும் சமண மரபுக்குப் பேரெண்கள் புதியவை அல்ல. அவரும் இருபத்துநான்கு இடங்கள் வரை எண்ணிடங்களுக்குப் பெயர் தந்தார்.

மாணவர் மனம் மகிழச் சில பெருக்கற்கணக்குகளையும் அவர் அமைத்தார். 152207ஐ 73ஆல் பெருக்கினால் 11111111 வரும். 27994681ஐ 441ஆல் பெருக்கினால் 12345654321 வரும். ஒன்றிலிருந்து ஆறு வரை ஏறி, மீண்டும் ஒன்றுவரை இறங்கும் இவ்வெண், எப்பக்கம் படித்தாலும் ஒன்றே. இத்தகைய விடைகளை அரசர் அணியும் கழுத்தணிக்கு ஒப்பிட்டார். அதன் அழகுக்குக் காரணம் உண்டு. 441 என்பது 21இன் வர்க்கம். 27994681 என்பது 5291இன் வர்க்கம். 21ஐ 5291ஆல் பெருக்கினால் 111111. ஆகவே அம்மாலை 111111இன் வர்க்கமேயாகும். அதன் இலக்கங்களைக் கூட்டினால் 36, அதுவும் ஆறின் வர்க்கம்.

குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று தெளிவாக உரைத்தவர் அவர். எனினும், ஓர் எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாது நிற்கும் என்று எழுதியது பிழை. ஆசாரியரைப் போற்றும்போது இதனை மறைத்தல் வாய்மைக்கு ஒவ்வாது. ஓயாது ஆராய்ந்து திருத்திக்கொள்ளும் கலையில் அவரும் ஒரு படி ஏறி நின்றார். அடுத்த படியைப் பின்வந்தோர் ஏறினர்.

பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் அந்நூலைத் தெலுங்கில் ஆக்கினார். ஆயிரம் ஆண்டுகளுக்குமேல் ஏட்டுச்சுவடிகளில் வாழ்ந்த மூலத்தை, பேராசிரியர் ரங்காசாரியார் ஒப்பிட்டு ஆராய்ந்து, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னையில் வெளியிட்டார். படியெடுத்தோரும் காத்தோரும் இல்லையேல் ஆசாரியர் பெயரும் நமக்குக் கிட்டியிராது.

இம்மலர் இல்லம் சேரும் நாளில், பிள்ளைகளிடம் தாளும் எழுதுகோலும் தந்து, 111111ஐ அதே எண்ணால் பெருக்கச் சொல்லுங்கள். மாலை முழுமையாக மலர்ந்தபின், அதனைத் தொடுத்தவர் பெயரையும் சொல்லுங்கள்.