பிறர் கடனைத் தன் கடனாக்கிய புனிதர்

ஜூபிலி என்பதற்கும் கடனுக்கும் பழைய உறவு உண்டு. பழைய ஏற்பாட்டில் ஐம்பதாம் ஆண்டு பிறந்ததும், வறுமையால் தன்னையே விற்றவன் விடுதலை பெற்றுத் தன் குடும்பத்திற்குத் திரும்புவான். ஆகவே நம் ஜூபிலி மலரில் கடவுளின் புனித அருளப்பரை நினைவுகூர்வது பொருத்தமே.

இவர் 1495-ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டில் பிறந்தார். இளமையில் ஆடு மேய்த்தார், பின்னர் போர்வீரரானார். காவல் காக்கும்படி இவரிடம் ஒப்படைத்த பொருள்கள் களவுபோயின. தூக்குத் தண்டனை பெற்ற இவருக்காக ஒருவர் பரிந்து பேசவே, உயிர் பிழைத்தார். கணக்குக் கொடுக்க வழியற்றவனின் கலக்கம் எத்தகையது என்பதை இவர் அன்றே அறிந்துகொண்டார்.

பின்னர், நாடு கடத்தப்பட்டுச் சேயூத்தா நகரில் வறுமையுற்ற ஒரு பிரபுவின் குடும்பத்தைக் கண்டார். கோட்டைச் சுவர் வேலையில் கூலியாளாக உழைத்து, அந்தக் கூலியால் அவர்களைக் காப்பாற்றினார்.

ஸ்பெயினின் கிரனாதா நகரில் புத்தகம் விற்றுவந்த காலத்தில், அவிலா அருளப்பரின் மறையுரை அவர் உள்ளத்தைப் பிளந்தது. பித்தன் என்று அடைத்து அடித்தார்கள். வெளிவந்ததும் ஏழை நோயாளிகளுக்கென ஒரு மருத்துவமனை தொடங்கினார். இரவில் கூடை சுமந்து தெருத்தெருவாகப் பிச்சை எடுத்தார். அதுவும் போதாதபோது போர்வைக்கும் உணவுக்கும் கடன் வாங்கினார். கடன்பட்டதனாலேயே தீய வாழ்விலிருந்து வெளியேற இயலாத பெண்களை மீட்கத் தாமே கடனை ஏற்று எழுதிக் கொடுத்தார்.

பிறருக்காகப் பிணை நிற்பது ஆபத்து என்று நீதிமொழி ஆகமம் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை பொய்யன்று. ஆயினும் அதே மறைநூலில், அடிமை ஒநேசிமுவின் கடனைத் தம் கணக்கில் எழுதும்படி புனித சின்னப்பர் பிலமோனிடம் வேண்டுகிறார். இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும்? அருளப்பரின் மரணப் படுக்கை விடை தருகிறது.

ஆற்று வெள்ளத்தில் ஓர் இளைஞனைக் காப்பாற்றக் குதித்து நோயுற்றிருந்தவரைப் பேராயர் பேதுரு குவெரேரோ காண வந்தார். மனத்தை வருத்துவது யாது என்று கேட்டார். தம் ஏழைகளையும் கடன்களையும் பற்றிய கவலையை அவர் சொன்னார். யாருக்கு எவ்வளவு என்று எழுதிவைத்த ஏட்டைப் பேராயர் கையில் கொடுத்தார். பேராயர் அக்கடன்கள் அனைத்தையும் தாம் ஏற்றார். 1550 மார்ச் 8-ஆம் நாள் அருளப்பர் முழந்தாளிட்டபடியே உயிர்நீத்தார்.

அந்த ஏட்டைச் சிந்தியுங்கள். தருமத்துக்காக வாங்கியதுதானே என்று கடன் கொடுத்த வணிகரை அவர் மறந்துவிடவில்லை. அன்பு நீதியை விழுங்கிவிடக் கூடாது. பிறர் கடனை ஏற்பவர் அதைத் தம் கடனாகவே மதித்துத் தீர்க்க வேண்டும். ஒருவரால் இயலாதபோது திருச்சபை தோள் கொடுக்க வேண்டும்.

நம் கடனை ஏற்ற ஆண்டவர் அதைச் சிலுவையில் முழுவதும் தீர்த்தார். அன்பார்ந்த பங்கு மக்களே, நம் தெருவில் வட்டியால் உறக்கம் இழந்த ஒரு குடும்பம் உண்டா? நாலு பேர் கூடி அந்தச் சுமையைப் பங்கிட்டுத் தீர்ப்போமானால், நம் ஜூபிலி உண்மையிலேயே ஜூபிலியாகும்.