மக்கள் கவிமணி சி.வி. வேலுப்பிள்ளையும் மலைநாட்டு மண்ணும்

மலையக மக்களின் வாழ்வை எழுத்தில் வடித்த பெருமக்களுள் அமரர் சி.வி. வேலுப்பிள்ளை அவர்களுக்குத் தனியிடம் உண்டு. ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் பத்திரிகையாளராகவும் பணியாற்றிய அன்னாரை மக்கள் கவிமணி என்று மலையகம் போற்றுகின்றது. அவர் பிறந்தது நுவரெலியா மாவட்டத்தில் என்றாலும், பூனாகலை மலைகளில் வாழும் குடும்பங்களுக்கு அவருடைய கதை அந்நியமானதன்று. நமது ஊர் எது, நமது வீடு எது என்று இங்குள்ள பாட்டன் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகத் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வியைத்தான் அவரும் தம் எழுத்து முழுவதிலும் சுமந்து சென்றார்.

வட்டகொடையை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆம் திகதி அவர் பிறந்தார். கண்ணப்பன் வேல்சிங்கம் வேலுப்பிள்ளை என்பது முழுப்பெயர். சி.வி. என்ற இரண்டு எழுத்துகளே பிற்காலத்தில் அவருக்குப் பெயராகி நிலைத்துவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்ததும் கொழுந்துக் கூடையைத் தூக்கிய காலம் அது. அத்தகைய காலத்தில் ஹட்டன் மெதடிஸ்த கல்லூரியிலும் பின்னர் கொழும்பு நாலந்தாக் கல்லூரியிலும் கல்வி பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. ஆங்கிலம் அவருக்குக் கைவந்த மொழியாயிற்று. 1934ஆம் ஆண்டு மகாகவி தாகூர் இலங்கைக்கு வருகை தந்தபோது, இருபது வயதையும் எட்டாத அந்த இளைஞர் தாம் ஆங்கிலத்தில் எழுதிய விஸ்மாஜினி என்ற இசை நாடகத்தை அவரிடம் நேரில் கையளித்தார்.  

அவரைத் தோட்டத்தின் பக்கம் திருப்பியது அக்கால மலைநாட்டின் கொந்தளிப்பு எனலாம். 1939ஆம் ஆண்டு இலங்கை இந்திய காங்கிரஸ் தோன்றியது. மறு ஆண்டு முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். அதே 1940இல் நமது ஊவாவிலும் வேவெஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் இடம்பெற்றது. சங்கத்தில் பெயர் பதிந்தவனுக்குப் பற்றுச்சீட்டைக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு விரட்டுவது அந்நாள் வழக்கம். வேலை போனால் லயக்காம்பராவும் போய்விடும். அப்பன் செத்த இடம், பிள்ளை பிறந்த இடம், முற்றத்தில் வைத்த முருங்கை எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சட்டி பானையோடு பாதையில் நிற்க வேண்டியதுதான். இந்நிலையைப் பின்னாளில் அவர் வீடற்றவன் என்ற நாவலாக எழுதினார். சங்கம் அமைக்க முன்வந்ததற்காகத் தோட்டத்தை இழக்கும் ஒரு தொழிலாளியின் கதை அது. 1981ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த அந்நாவலின் பெயரே ஒரு சமூகத்தின் முகவரியாகிவிட்டது என்றால் மிகையாகாது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகச் சி.வி. சென்றார். பதுளையிலிருந்து எஸ்.எம். சுப்பையா அவர்கள் சென்றார். தோட்டத்து மக்கள் தங்கள் வாக்கால் தங்களவரை அனுப்பிய அந்த மகிழ்ச்சி ஓராண்டுக்கு மேல் நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனும் பாட்டனும் இந்நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது அச்சட்டம். லயத்தில் மருத்துவிச்சி கையில் பிறந்து, தேயிலைக்குள்ளேயே புதைக்கப்பட்ட மனிதருக்கு யார் அத்தாட்சி எழுதி வைத்தார்கள்? 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. 1952ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தபோது, சி.வி.யைத் தெரிவு செய்த மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பில் இருக்கவில்லை. அவரும் அவருடைய நண்பர்களும் வகித்த ஆசனங்கள் போயின. காங்கிரஸ் நடத்திய நீண்ட சத்தியாக்கிரகமும் சட்டத்தை அசைக்கவில்லை. அதன் பிறகு மலையகத் தமிழர் ஒருவர் மக்கள் வாக்கால் பாராளுமன்றம் செல்வதற்கு 1977ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பதவி இழந்த அரசியல்வாதிகள் பலர் மீண்டும் பதவிக்கு வழி தேடுவதே உலக வழக்கம். சி.வி. அவர்கள் பேனாவை எடுத்தார். ஆங்கிலத்தில் அவர் எழுதிய இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே என்ற நெடுங்கவிதை ஐம்பதுகளில் வெளிவந்தது. பெரட்டுத் தப்பு ஒலிக்கும் விடியற்காலையில் தொடங்கி, காட்டை வெட்டி மலையைத் திருத்தித் தேயிலை நட்டு, அந்தத் தேயிலைக்கு அடியிலேயே கல்லறையும் இன்றிப் புதைந்துபோன மூதாதையரை அக்கவிதை நினைக்கின்றது. நாடு யாருடையது என்று சட்டம் காகிதத்தில் தேடியதை, அவர் மண்ணுக்குள் தேடிக் காட்டினார். எனினும் யாரைப் பற்றி அது எழுதப்பட்டதோ, அவர்களால் அதை வாசிக்க முடியவில்லை. அக்குறையைப் பின்னர் கவிஞர் சக்தீ அ. பாலையா தீர்த்து வைத்தார். தேயிலைத் தோட்டத்திலே என்ற பெயரில் அவர் தந்த தமிழாக்கம் மலையகம் எங்கும் பரவியது. இன்று பலர் சி.வி.யின் கவிதை என்று மனதில் வைத்திருப்பது அந்தத் தமிழைத்தான். 1970இல் வெளிவந்த உழைக்கப் பிறந்தவர்கள் என்ற ஆங்கில நூலில் தோட்டத்து மனிதர்களை ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்தினார். கதை, மாவலி ஆகிய இதழ்களையும் அவர் நடத்தினார்.

ஆயினும் அவருடைய பணிகளுள் இம்மலரை வாசிக்கும் அடியார்களுக்கு மிக நெருக்கமானது நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த பணியே ஆகும்.

தென்னிந்தியாவிலிருந்து வந்த முன்னோர்கள் கையில் பெரிதாக எதையும் கொண்டு வரவில்லை. ஊர்க்கோயிலின் பிடிமண்ணைச் சேலைத் தலைப்பில் முடிந்து வந்து, மரத்தடியில் கல் நட்டு மாரியம்மனை இருத்தினார்கள் என்று தோட்டங்கள் பலவற்றிலும் சொல்லப்படுவதுண்டு. அந்த மண்ணோடு வந்த மற்றொரு செல்வம் பாட்டு. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, காமன்கூத்துப் பாட்டு, காவடிப் பாட்டு எல்லாம் அவர்களுடைய தொண்டையில் வந்து சேர்ந்தன. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களை விட்டு வந்தவர்கள், விட்டு வந்த தாயையும் பனந்தோப்பையும் நினைத்து அழுத பாடல்கள் அவற்றுள் உண்டு. காலம் செல்லச் செல்லப் பாட்டுக்குள் வேறு பெயர்கள் நுழைந்தன. கங்காணி வந்தார், துரை வந்தார், கொழுந்தும் கோப்பியும் வந்தன. சாமிகளும் அப்படியே பெருகின. தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்க ரோதைமுனி, கவ்வாத்து வெட்டும் கத்திக்குத் துணையாகக் கவ்வாத்துச் சாமி என்று எந்த ஊர்ப் புராணத்திலும் இல்லாத தெய்வங்கள் மலையில் தோன்றின. புதிய மண்ணில் பயம் எங்கே இருந்ததோ அங்கே சாமி வந்தது. அந்நியமாய் இருந்த இடம் சொந்தமான விதத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பதிவேடும் காட்டாது.

தொழிற்சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாகச் சென்ற சி.வி. அவர்களின் காதில் இந்தப் பாடல்கள் விழுந்தன. எழுதப்படாத பாட்டு பாடுபவரோடு மறைந்துவிடும் என்பதை அவர் உணர்ந்தார். இந்த உணர்வு வெறும் இலக்கிய ஆசை அல்ல. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்களாயினர். 3,00,000 பேருக்கு மட்டுமே இலங்கைப் பிரஜாவுரிமை என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று குடும்பங்கள் உடைந்தன. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகையிரதத்தை மக்கள் அழுகைக் கோச்சி என்று அழைத்தார்கள். பாட்டி ஒருத்தி அந்தக் கோச்சியில் ஏறிப் போனால், அவள் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் அவளோடு போயின.

போனவர்களுக்கு அங்கும் ஊர் கிடைத்துவிடவில்லை. இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமைக் கடந்து, பலர் நீலகிரி மலைக்கே சென்றனர். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடியும் கொழுந்து, மறுபடியும் குளிர். இங்கே இந்தியாக்காரர் என்று சொல்லப்பட்டவர்களை அங்கே சிலோன்காரர் என்று அழைத்தார்கள். பூனாகலைப் பக்கத்தில் ஒருவரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால், ஒருநாளும் கண்ணால் காணாத தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றின் பெயரைச் சொல்லும் பெரியவர்கள் முன்பு இருந்தார்கள். கடல் கடந்து அந்தக் கிராமத்தைத் தேடிப் போனவர்களோ, ஆடி, பங்குனி வந்தால் தோட்டத்துக் கோயில் திருவிழாவை நினைத்து ஏங்கினார்கள். நினைவில் ஊர் இருக்கும் திசை அவர்களுக்கு மாறிவிட்டது.

இத்தனை பிரிவுகளுக்கும் நடுவில் சி.வி. சேர்த்து வைத்த பாடல்கள் மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்ற நூலாக 1983ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்தன. அதே ஆண்டு ஆடி மாதத்தில் இங்கே பதுளை நகரம் எரிந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலைநாட்டுக் கோயில் முற்றங்களில் பாடப்பட்ட பாட்டு, மலைநாட்டு மக்கள் மீண்டும் பெட்டி கட்டிய வேளையில் கடலுக்கு அப்பால் அச்சேறியது. இனிப்படமாட்டேன் என்ற அவரது நாவல் 1984இல் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 19ஆம் திகதி அன்னார் காலமானார். தலைமன்னார்க் கப்பலும் 1984ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போக முடியாமல் நின்றவர்கள் லயங்களிலேயே தங்கிவிட்டார்கள். நாடற்றவர் கதை என்ற அவருடைய நூல் அவர் மறைந்த பின்னர் 1987இல் வெளியிடப்பட்டது.

நாடற்றவர் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் முடிவு வந்தது 2003ஆம் ஆண்டில் ஆகும். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் அந்த ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. அதைக் காண அவர் இருக்கவில்லை. வீடற்றவர் என்ற சொல் அத்தனை எளிதாக முடிந்துவிடவில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்களோடு மனிதர்களும் கோயிலும் மண்ணுக்குள் போயின. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தபோது உயிர் பிழைத்த குடும்பங்கள், உடுத்த துணியோடு இடம்பெயர்ந்தன. மலை பாதுகாப்பற்றது, விட்டுப் போங்கள் என்று சொல்வது சரிதான். ஆனால் போவதற்கு ஒரு துண்டு நிலமும் அதற்கோர் உறுதிப் பத்திரமும் வேண்டும் அல்லவா? இருநூறு ஆண்டுகளை எட்டும் வாழ்வுக்குப் பின்னும் தோட்டங்களில் பெரும்பாலான குடும்பங்கள் தாம் குடியிருக்கும் காம்பராவுக்கு உரிமையாளர்கள் அல்லர்.

சி.வி. அவர்களின் பாடல் தொகுப்பு இன்று எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் நூலன்று. நூலைக் காணாதவர்களும் அதிலுள்ள பாடல்களை அறிவார்கள். மாசி மாதத்தில் காமன்கூத்துக்குக் கம்பம் நடும் தோட்டங்களில், தப்பு முழங்க, பாடியவர் பெயர் தெரியாத அந்த வரிகளைப் பிள்ளைகள் இப்போதும் பெரியவர்களின் வாயைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள்.