சகோதரி சுப்பலட்சுமி நடத்திய இல்லம்

கட்டடம் கட்டுவது எளிது. அதை இல்லமாக்குவது அரிது. இந்த உண்மையை நான் ஏட்டில் படிப்பதற்கு முன்பே கண்ணால் கண்டேன். ஆதலின், கண்டதை முதலில் சொல்லி, படித்ததைப் பின்னர் சொல்கிறேன்.

என் ஆச்சிக்கு எண்பது வயது கடந்துவிட்டது. இருபத்திரண்டு வயதில் கணவரை இழந்தவர். பீடி சுற்றியே என் அம்மாவையும் மாமாவையும் ஆளாக்கியவர். என் அம்மாவுக்கு அறுவை மருத்துவம் நடந்து, படுக்கையை விட்டு எழ இயலாதிருந்த நாட்களில், ஆச்சியைக் கவனிக்க வீட்டில் ஆள் இல்லை. மாமா திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளி. எனவே ஆச்சியை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். அதன் பெயர் இங்கு வேண்டாம்.

முதன் முறை பார்க்கச் சென்றபோது, பளிங்கு போன்ற தரையையும் சுழலும் மின்விசிறியையும் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் ஆச்சியின் பெயரைச் சொல்லிக் கேட்டபோது அங்கிருந்த எவருக்கும் தெரியவில்லை. ஏழாம் கட்டில் என்றதும் தெரிந்தது! சமையற்காரர் நேரத்தோடு வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக மாலை ஐந்து மணிக்கே இரவு உணவு. ஏழு மணிக்கு விளக்கணைப்பு. ஓசை தொந்தரவாக இருக்கிறது என்று ஆச்சியின் வெற்றிலை உரலை வாங்கி வைத்துவிட்டார்கள். பசியில்லாமல் உண்டு, உறக்கமில்லாமல் படுத்து, ஆச்சி பாதியாக இளைத்திருந்தார். சுரண்டைக்குத் திரும்பும் பேருந்தில் என் கண்ணீரை அடக்க இயலவில்லை.

நான்கு திங்கள் கழித்து மீண்டும் சென்றேன். அதே கட்டடம், அதே பணியாளர்கள், அதே வருவாய். புதிதாக வந்திருந்தவர் மேற்பார்வையாளராகிய ஓர் அம்மையார் மட்டுமே. அவர் கையில் ஒரு குறிப்பேடு இருந்தது. யாருக்கு எது பிடிக்கும், யாருக்கு எந்நேரம் பசிக்கும், யார் எத்தொழில் செய்து வாழ்ந்தவர் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தார். பணியாளர்களின் முறைநேரத்தை மாற்றி, இரவு உணவை ஏழரை மணிக்குக் கொண்டு வந்திருந்தார். முதியவர்களோடு அதே பந்தியில் அமர்ந்து உண்டார். ஆச்சியிடம் உரல் திரும்பி வந்திருந்தது; கீரைப் பாத்தியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் சேர்ந்து வந்திருந்தது. ஏழாம் கட்டில் மறைந்து, என் ஆச்சி மீண்டும் பிறந்திருந்தார்!

தலைமை என்பது என்ன என்ற வினா அன்றுதான் என்னுள் எழுந்தது. நம் கல்லூரி நூலகத்தில் மகளிர் தினப் பேச்சுப் போட்டிக்காக நூல்களைப் புரட்டியபோது, அவ்வினாவிற்கு விடையாக ஒரு வாழ்க்கை கிடைத்தது. அதுவே சகோதரி சுப்பலட்சுமியின் வாழ்க்கை.

இளமையும் இழப்பும்

1886ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார் சுப்பலட்சுமி. தந்தையார் சுப்பிரமணிய ஐயர் ஒரு பொறியாளர், தாயார் விசாலாட்சி. ஒன்பது வயதில் நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வில் செங்கற்பட்டு மாவட்டத்தின் முதல் மாணவியாகத் தேறிய அறிவுச்சுடர் அவர். ஆயினும் அக்கால வழக்கம் அவரையும் விடவில்லை. ஏறத்தாழப் பதினொரு வயதில் மணம் முடித்தார்கள். மணமான சிறிது காலத்திற்குள் கணவர் இறந்தார். வாழ்க்கை என்றால் என்னவென்று அறியும் முன்பே அவர் விதவையானார்.

அந்நாளில் அத்தகைய சிறுமியின் கதி என்ன? மொட்டைத் தலை, ஒற்றை ஆடை, ஒருவேளை உணவு, அடுக்களையின் இருண்ட மூலை. கண்முன் நின்ற எடுத்துக்காட்டும் இருந்தது. அவருடைய சித்தி வாலாம்பாளும் இளமையிலேயே கைம்மை உற்றவரே. ஆனால் தந்தையார் துணிந்தார். ஊரார் பழிக்கு அஞ்சாது மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். பின்னர்க் கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளிக்கு அனுப்பினார். தமக்கென எதையும் வைத்துக்கொள்ளாது பிறர்க்கென உழைத்த அக்கன்னியரின் வாழ்வு சுப்பலட்சுமியின் நெஞ்சில் பதிந்தது. அவர் மதம் மாறவில்லை. அவர்களுடைய தொண்டு நெறியை மட்டும் தம்முடையதாக்கிக் கொண்டார். பிற்காலத்தில் நாடே அவரைச் சகோதரி என்று அழைத்தது. 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். கைம்பெண் எதிரே வந்தாலே தீநிமித்தம் என்று கருதிய காலத்தில் நிகழ்ந்த அருஞ்செயல் இது.

நால்வரோடு பிறந்த இல்லம்

பட்டம் பெற்றவர் தம் ஒருத்தியின் வாழ்வோடு நின்றிருக்கலாம். அவர் நிற்கவில்லை. எழும்பூரில் தம் பெற்றோர் வாழ்ந்த வீட்டிலேயே நான்கு இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு இல்லத்தைத் தொடங்கினார். 1912இல் சாரதா மகளிர் சங்கம் உருவாயிற்று. பெண் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த செல்வி லிஞ்ச் என்ற அயர்லாந்து நாட்டுப் பெண்மணி அரசின் உதவி கிடைக்க வழி செய்தார். தொகை பெருகியபோது இல்லம் திருவல்லிக்கேணிக்கு மாறி, முடிவில் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தை அடைந்தது. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமித்து வைத்த கட்டடம் அது; 1897இல் விவேகானந்தர் தங்கிய இடமும் அதுவே. பனிக்கட்டி உறைந்து கிடந்த இடத்தில், உறைந்து போன பல உயிர்கள் உருகி மலர்ந்தன.

அவருடைய நிருவாகத் திறத்தில் நான் நான்கு கூறுகளைக் காண்கிறேன்.

முதலாவது, அவர் மேலிருந்து ஆளவில்லை, உடனிருந்து ஆண்டார். தாம் விதவையாகவே வாழ்ந்து, விதவைகளோடு வாழ்ந்தவர் அவர். வீட்டுப் பொறுப்பையும் அடுக்களையையும் சித்தி வாலாம்பாளிடம் விட்டு, தாம் கல்வியையும் வெளித்தொடர்பையும் ஏற்றார். தகுந்தவரிடம் தகுந்த பணியை ஒப்படைப்பதே தலைமையின் முதற்பாடமன்றோ?

இரண்டாவது, அவர் அடைக்கலம் கொடுத்ததோடு நிற்கவில்லை, அலுவல் கொடுத்தார். இல்லத்துப் பெண்கள் படித்தார்கள், ஆசிரியப் பயிற்சி பெற்றார்கள், ஊதியம் ஈட்டினார்கள். நேற்று உதவி பெற்றவர் இன்று உதவி செய்பவரானார். 1922இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைமைப் பொறுப்பும் அவரையே அடைந்தது. கடற்கரைக் குப்பத்து மீனவக் குழந்தைகளுக்கும் ஒரு பள்ளி எழுந்தது.

மூன்றாவது, விதி மனிதரை வெளியேற்றியபோது அவர் மனிதரின் பக்கம் நின்றார். பதினெட்டு வயதைக் கடந்த கைம்பெண்களுக்கு அரசு ஆதரவு பெற்ற அவ்வில்லத்தில் இடமில்லை. வயது வந்துவிட்டால் துயரம் தீர்ந்துவிடுமா? விதிமுறையைக் காட்டிக் கைவிரித்திருந்தால் எவரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ சாரதா வித்தியாலயம் என்ற பள்ளியை நிறுவி, வயது வந்த விதவைகள் தங்கிப் பயில வழி வகுத்தார்.

நான்காவது, தாம் இன்றியும் நடக்குமாறு செய்தார். 1938இல் அவ்வித்தியாலயத்தை இராமகிருஷ்ண இயக்கத்தாரிடம் ஒப்படைத்தார். தாம் பெற்ற பிள்ளையைப் பிறர் கையில் கொடுப்பது எத்துணைக் கடினம்! நிறுவனத்தைத் தம் நிழலாக எண்ணுவோர் பலர். அதற்கு வேர் ஊன்றிவிட்டு விலகுவோர் சிலரே.

குறையும் கூறத்தக்கதே

புகழ் மட்டும் கூறுவது வரலாறு ஆகாது. அவருடைய முதல் இல்லம் அந்தண குலத்து விதவைகளுக்கென்றே அமைந்தது. உணவிலும் ஒழுக்கத்திலும் பழைய ஆசாரங்கள் அங்குக் காக்கப்பட்டன. பீடி சுற்றிப் பிழைத்த என் ஆச்சி போன்றோர்க்கு அன்று அதன் கதவு திறந்திருக்காது. இதைப் படித்தபோது என் உள்ளம் நொந்ததை மறைக்க விரும்பவில்லை. பெற்றோரின் நம்பிக்கையைப் பெறாவிடில் ஒரு சிறுமியும் வந்திருக்க மாட்டாள் என்று அவருக்காக வழக்காடலாம். ஒரு புறம் பழமைவாதிகளின் ஏச்சு, மறுபுறம் சீர்திருத்தக்காரர்களின் அவசரம். இரண்டிற்கும் இடையே அவர் நடந்த பாதை குறுகியதே. ஆயினும் குறுகிய பாதையில் சென்றவர் அங்கேயே நின்றுவிடவில்லை. குப்பத்துப் பள்ளியும், முதுமையில் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் சிற்றூரில் அவர் ஆற்றிய பணியும் அதற்குச் சான்றாகும்.

1920இல் கெய்சர்-இ-இந்து பதக்கமும், 1958இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன. 1952 முதல் 1956 வரை சட்ட மேலவையிலும் வீற்றிருந்தார். 1969ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, எண்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார்.

நமக்கு எதற்கு?

நம்முள் பலர் நாளை அலுவலராவோம், விடுதிக் காப்பாளராவோம், செவிலியராவோம். சிலர் முதியோர் இல்லங்களையும் மாற்றுத்திறனாளர் இல்லங்களையும் நடத்தவும் கூடும். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் கடல் கடந்தும் பிழைக்கச் செல்லும் நம் பக்கத்துச் சிற்றூர்களில் இத்தகைய இல்லங்களின் தேவை பெருகுமேயன்றிக் குறையாது. அன்று வாழ்வின் தொடக்கத்தில் தனித்து விடப்பட்டவர்களுக்கு இல்லம் தேவைப்பட்டது. இன்று வாழ்வின் முடிவில் தனித்து விடப்படுபவர்களுக்குத் தேவைப்படுகிறது. காலம் மாறினும் கேள்வி ஒன்றே: அங்கே பெயர் சொல்லி அழைக்க ஒருவர் உண்டா?

நன்கொடை வரும், கட்டடம் எழும், கணக்கும் சரியாக இருக்கும். ஆனால் ஒரு கிழவியின் வெற்றிலை உரலைத் திருப்பிக் கொடுக்கும் மனம் தலைமையில் இருப்பவரிடம் இல்லையெனில், அவை யாவும் இருந்தும் பயனில்லை.

என் அம்மா நலம் பெற்றார். ஆச்சி வீடு திரும்பினார். இக்கட்டுரையை எழுதும் இவ்வேளையில் திண்ணையிலிருந்து உரலின் ஓசை கேட்கிறது. ஆச்சிக்குச் சகோதரி சுப்பலட்சுமியைத் தெரியாது. கதையை நான் சொன்னபோது நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, அந்த அம்மாவும் இல்லத்துப் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்களா என்று மட்டும் கேட்டார். அதைவிட நல்ல தேர்வு வினாவை எந்தப் பேராசிரியரும் கேட்டுவிட முடியாது. நாளை பொறுப்பேற்கும் நாம் ஒவ்வொருவரும் அவ்வினாவிற்கு நம் வாழ்வால் விடை எழுதுவோமாக!

— மூன்றாம் ஆண்டு மாணவி