தனித்திருந்து கண்டவர்: மரியா கிரகாமும் வால்பரைசோ துறைமுக நகரும்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலப் பயண எழுத்தாளரும் ஓவியருமான மரியா கிரகாம் (1785–1842) சிலி நாட்டின் வால்பரைசோ துறைமுக நகரில் 1822 ஏப்ரல் முதல் 1823 சனவரி வரை வாழ்ந்தார். கணவரை இழந்த நிலையில் அங்குத் தனித்துத் தங்க அவர் எடுத்த முடிவும், அந்நாட்களில் அவர் எழுதிய நாட்குறிப்பும், நிலநடுக்கம் பற்றிய அவரது பதிவு பின்னாளில் எதிர்கொண்ட ஐயமும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. ஓரிடத்தில் நிலைத்துத் தங்கியதும் கைப்பழக்கத்தால் கூர்மைபெற்ற பார்வையும் அவரது எழுத்தைச் சான்றாவணமாக உயர்த்தின என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: பயண இலக்கியம், நாட்குறிப்பு, வால்பரைசோ, பெண் பயணி, நிலநடுக்கம், சான்று.

முன்னுரை

மாமல்லபுரத்துக் கற்கோயில்களைக் குறித்து ஆங்கிலத்தில் எழுதிய தொடக்கக் காலப் பயணியருள் மரியா கிரகாமும் ஒருவர். சென்னையில் தங்கியிருந்த காலத்தில் அவர் மாமல்லபுரம் சென்று பாறைச் சிற்பங்களைக் கண்டு வரைந்தார். 1812இல் வெளிவந்த அவரது இந்திய நாட்குறிப்பு நூலில் அவ்விடம் பற்றிய விவரிப்பு உள்ளது. தமிழக வரலாற்று ஆய்வாளர் பலர் அவரை அந்நூல்வழியாகவே அறிவர். ஆயினும் அவரது வாழ்வின் கடும் சோதனையும் எழுத்தின் முதிர்ந்த பயனும் பசிபிக் பெருங்கடலின் கரையிலுள்ள ஒரு துறைமுகத்தில் நிகழ்ந்தன. பயண நூல்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது, எழுதியவர் எவ்வளவு காலம் தங்கினார், எதனைக் கண்ணால் கண்டார், எதனைக் கேட்டறிந்தார் என்னும் வினாக்கள் எழும். அவற்றுக்கு மரியாவின் சிலி வாழ்க்கை தக்க விடை தருகிறது.

இளமையும் இந்தியப் பயணமும்

இங்கிலாந்தின் கம்பர்லாந்து பகுதியிலுள்ள பாப்காசில் என்னும் ஊரில் 1785 சூலை 19ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தை சார்ச் டண்டாஸ் கடற்படை அதிகாரி. கடற்பணி காரணமாகத் தந்தை நெடுங்காலம் பிரிந்திருந்த குடும்பம் அது. இளமையிலேயே மொழிப்பயிற்சியும் ஓவியப் பயிற்சியும் மரியாவுக்கு வாய்த்தன. காசநோயும் இளமையிலேயே பற்றி, வாழ்நாள் முழுதும் விடாமல் தொடர்ந்தது.

1808இல் தந்தை மும்பைக் கப்பல் தளத்தில் பொறுப்பேற்கப் புறப்பட்டபோது மரியாவும் உடன் சென்றார். அக்கப்பலிலேயே தாமஸ் கிரகாம் என்னும் இளம் கடற்படை அதிகாரியுடன் நட்புக்கொண்டு, 1809இல் இந்தியாவில் அவரை மணந்தார். 1811 வரை மேற்கிந்தியக் குகைக்கோயில்கள், இலங்கை, சென்னை, கல்கத்தா எனப் பல இடங்களைக் கண்டார். இந்திய நாட்குறிப்பைத் தொடர்ந்து 1814இல் இந்தியாவைப் பற்றிய கடிதங்கள் அடங்கிய நூலையும், 1820இல் உரோம் நகருக்குக் கிழக்கேயுள்ள மலைப்பகுதி வாழ்க்கை பற்றிய நூலையும், ஓவியர் நிக்கோலா புசேன் வரலாற்றையும் வெளியிட்டார். எனவே, சிலிக்குப் புறப்படும்போது அவர் பயண எழுத்திலும் கலை வரலாற்றிலும் பெயர்பெற்றிருந்தார்.

கடலில் நேர்ந்த இழப்பு

1821இல் தாமஸ் கிரகாம் டோரிஸ் என்னும் போர்க்கப்பலின் தலைவராகத் தென்னமெரிக்கக் கடற்பகுதிக்கு அனுப்பப்பட்டார். மரியாவும் உடன் சென்று, கப்பலிலிருந்த பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் கற்பித்தார். பிரேசில் துறைமுகங்களைக் கடந்து கப்பல் தென்முனையை நெருங்கியபோது கணவர் காய்ச்சலுற்றார். 1822 ஏப்ரல் 9ஆம் நாள் ஹார்ன் முனையை அடுத்த கடலில் அவர் உயிர் பிரிந்தது. அவரது உடலுடன் கப்பல் ஏப்ரல் 28ஆம் நாள் வால்பரைசோவை அடைந்தது. உடல் அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அப்போது மரியாவுக்கு வயது முப்பத்தாறு. குழந்தைகள் இல்லை, நெருங்கிய உறவினர் பலரும் இங்கிலாந்தில் இருந்தனர். கைம்பெண்ணான ஒருவர் அடுத்த கப்பலில் நாடு திரும்புவதே அக்கால வழக்கம். திரும்பிச் செல்ல உதவவும் பலர் இருந்தனர். மரியா அதனை ஏற்கவில்லை. ஆங்கில வணிகர் குடியிருப்பை விட்டு விலகி, உள்ளூர் மக்கள் வாழ்ந்த அல்மெந்திரால் பகுதியில் சிறு வீடொன்றை வாடகைக்கு எடுத்தார். வாதுமைத் தோப்பு என்னும் பொருளுடைய அப்பெயர், மலைகளுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட சமநிலப் பகுதியைக் குறிப்பது. ஓரூரைப் பார்த்துச் செல்பவர் என்னும் நிலையிலிருந்து அவ்வூரில் குடியிருப்பவர் என்னும் நிலைக்கு அவர் மாறியது இம்முடிவினால்தான்.

துறைமுக நகரில் குடிவாழ்க்கை

சிலி தன் விடுதலையை 1818இல்தான் அறிவித்திருந்தது. பெர்னார்தோ ஓ'ஹிக்கின்ஸ் நாட்டின் தலைவராகவும், தாமஸ் காக்ரேன் பிரபு கடற்படைத் தலைவராகவும் விளங்கினர். செங்குத்தான குன்றுகளின் அடியில் குறுகிய கரையில் ஒட்டியிருந்த வால்பரைசோ, ஹார்ன் முனையைச் சுற்றிவரும் கப்பல்கள் தங்கும் துறையாக விரைந்து வளர்ந்துகொண்டிருந்தது.

இச்சூழலில் மரியா தம் நாட்குறிப்பில் அரசியல் செய்திகளுக்குத் தந்த இடத்தைச் சந்தைப் பொருள்கள், அண்டை வீட்டார் உணவு, மகளிர் ஆடை, வீடு கட்டும் முறை ஆகியவற்றுக்கும் தந்தார். மருந்தாகவும் சாயமாகவும் பயன்படும் செடிகொடிகளை உள்ளூர்ப் பெண்களிடம் கேட்டறிந்தார். சிலியின் பயன்தரு மரஞ்செடிகளைப் பற்றிய விவரப் பட்டியல் நூலின் பின்னிணைப்பாக அமைந்தது.

அவரது அறிமுறையை விளக்கும் நிகழ்ச்சியொன்று குறிப்பிடத்தக்கது. அல்மெந்திராலை அடுத்து, மட்பாண்டம் செய்யும் ஏழைப் பெண்கள் வாழ்ந்த குடியிருப்பு ஒன்றிருந்தது. அவர்கள் சக்கரமின்றிக் கையாலேயே பாண்டங்களை வனைந்தனர். மரியா அவர்கள் செய்வதைப் பார்த்து எழுதியதோடு நிற்கவில்லை. அவர்களுடன் தரையில் அமர்ந்து மண்ணைப் பிசைந்து, பாண்டம் வனையக் கற்றார். தம் கை தடுமாறியதையும் பதிவு செய்தார். ஓவியப் பயிற்சி பெற்ற அவருக்குக் கைவேலையின் நுட்பம் கையாலேயே விளங்கவேண்டியிருந்தது. அக்குடியிருப்பின் வறுமையையும் அவர் மறைக்கவில்லை.

பின்னர்ச் சந்தியாகோ நகருக்குச் சென்று ஓ'ஹிக்கின்ஸ் குடும்பத்தினருடன் பழகினார். பெருவிலிருந்து பதவி துறந்து வந்த சான் மார்த்தின், 1822 அக்டோபரில் வால்பரைசோவில் அவரது வீட்டிற்கே வந்தார். அச்சந்திப்பைப் பற்றிய மரியாவின் மதிப்பீடு கடுமையானது. காக்ரேனுக்கும் சான் மார்த்தினுக்கும் இடையே பகை நிலவியது; மரியாவோ காக்ரேனின் நெருங்கிய நண்பர். எனவே அரசியல் தலைவர்களைப் பற்றிய அவரது தீர்ப்புகளைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே கொள்ளவேண்டும். தம் நாட்டு வணிக நலனை இயல்பான நன்மையாகக் கருதும் போக்கும் அவரிடம் உண்டு. கேட்டறிந்த அரசியலில் அவர் சார்புடையவர். கண்டறிந்த வாழ்க்கையில் நம்பத்தக்கவர். இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்வது அவரது நூலைப் பயன்படுத்துவோர்க்கு இன்றியமையாதது.

1822 நவம்பர் 19

அவ்விரவு பத்தேகால் மணியளவில் சிலிக் கடற்கரையைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. மரியா அப்போது வால்பரைசோவிற்கு வடக்கே, குயிந்தேரோ என்னுமிடத்தில் காக்ரேனின் பண்ணை வீட்டில் இருந்தார். நோயுற்றிருந்த உறவினர் ஒருவரைப் பேணும் பொறுப்பும் அவருடையதாக இருந்தது. வால்பரைசோவில் அல்மெந்திரால் பகுதி பெரிதும் அழிந்தது. அதிர்வுகள் ஓயாமல் தொடர்ந்ததால் குயிந்தேரோவில் இருந்தோர் கூடாரங்களில் தங்கினர்.

அச்சமும் குழப்பமும் நிறைந்த அந்நாட்களில் மரியா அதிர்வுகளை நாள்தோறும் குறித்துவந்தார். கடற்கரையில் நடந்து சென்று, நீர்மட்டம் உயர்ந்திருக்கும் வேளையிலும் பழைய கடற்படுகை வறண்டு வெளிப்பட்டிருப்பதைக் கண்டார். சிப்பிகளும் மட்டிகளும் தாம் ஒட்டியிருந்த பாறைகளிலேயே இறந்து நாற்றமெடுத்தன. வால்பரைசோவில் ஏறத்தாழ 3 அடியும் குயிந்தேரோவில் ஏறத்தாழ 4 அடியும் நிலம் உயர்ந்துள்ளது என அவர் கணித்தார். கரைக்கு மேலே சிப்பிகள் கலந்த பழைய கூழாங்கற் படுகைகள் வரிவரியாக அமைந்திருப்பதையும், அவற்றுட் சில கடல்மட்டத்திலிருந்து 50 அடி உயரத்தில் இருப்பதையும் கண்டு, முற்காலத்திலும் இக்கரை இவ்வாறே உயர்ந்திருக்கவேண்டும் என உய்த்துணர்ந்தார்.

1823 சனவரியில் காக்ரேன் சிலியை விட்டு நீங்கினார். அவரது விடைபெறும் அறிக்கையைக் குயிந்தேரோவில் கல்லச்சில் அச்சிடும் பணியில் மரியாவும் பங்கேற்றார். பின் அதே கப்பலில் பிரேசிலுக்குச் சென்றார். 1824இல் பிரேசில் இளவரசி மரியா த குளோரியாவின் ஆசிரியையாகச் சிறிது காலம் பணிபுரிந்தார். சிலி, பிரேசில் நாட்குறிப்புகள் இரண்டும் அதே ஆண்டில் இலண்டனில் வெளிவந்தன.

ஐயத்திற்குள்ளான சான்று

நிலநடுக்கம் பற்றி மரியா எழுதிய கடிதம் 1824இல் இலண்டன் நிலவியல் கழகத்தின் ஆய்வேட்டில் அச்சேறியது. பெண்ணொருவர் பெயரில் அவ்வேட்டில் வெளிவந்த முதற் கட்டுரையாக அது கருதப்படுகிறது. அக்கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919இல்தான் என்பதை நோக்க, இதன் அருமை விளங்கும். நிலத்தோற்றம் சிறுசிறு மாற்றங்களின் தொகுப்பால் உருவாகிறது என வாதிட்ட சார்லஸ் லயல், 1830இல் வெளிவந்த தம் நிலவியல் நூலில் மரியாவின் பதிவைச் சான்றாக எடுத்தாண்டார்.

அதனாலேயே அப்பதிவு தாக்குதலுக்கும் உள்ளானது. கழகத்தின் தலைவர் கிரீனோ, நிலநடுக்கங்கள் நிலத்தை உயர்த்தும் என்னும் கருத்தை ஏற்காதவர். 1834இல் தம் தலைமையுரையில் அவர் மரியாவின் கூற்றுகளின் நம்பகத்தன்மையை வெளிப்படையாக ஐயுற்றார். அப்போது மரியா ஓவியர் அகஸ்டஸ் கால்காட்டை 1827இல் மணந்து இலண்டனில் வாழ்ந்துவந்தார். 1831இல் நோய் முற்றியதிலிருந்து வீட்டை விட்டு வெளியே செல்ல இயலாத நிலை. உறுப்பினராக முடியாத அவையில் எழுந்து மறுமொழி கூற அவருக்கு வழியில்லை. ஆயினும் அச்சிட்ட மடலொன்றின் வாயிலாக அவர் விடையளித்தார். தாம் எழுதாதவற்றை எழுதியதாகக் காட்டியதையும், எழுதியவற்றைத் திரித்ததையும் எடுத்துக்காட்டினார்; தாம் நேரில் கண்டவற்றில் உறுதியாக நின்றார்.

இங்கு விவாதிக்கப்பட்டது 3 அடி நிலவுயர்வு மட்டுமன்று. கல்விக் கழகத்திற்கு வெளியே நின்ற, தனித்துப் பயணம் செய்த பெண்ணின் கண் சான்றாகுமா என்பதும் அதனுள் அடங்கியிருந்தது. 1835 பிப்ரவரி 20ஆம் நாள் சிலியின் கன்செப்சியோன் பகுதி நடுங்கியது. அப்போது அந்நாட்டிலிருந்த சார்லஸ் டார்வினும், அவர் பயணம் செய்த பீகிள் கப்பலின் தலைவர் பிட்ஸ்ராயும் கரை உயர்ந்திருப்பதைக் கண்டு பதிந்தனர். பாறைகளில் ஒட்டியவாறே இறந்துகிடந்த மட்டிகள் அங்கும் சான்றாயின. மரியா எவற்றை நோக்கினாரோ அவற்றையே பின்வந்தோரும் நோக்கினர்.

இறுதிக்காலம்

படுக்கையிலிருந்தபடியே மரியா தொடர்ந்து எழுதினார். சிறுவர்க்கான இங்கிலாந்து வரலாறு 1835இல் வெளிவந்து பல தலைமுறையினரால் படிக்கப்பட்டது. ஓவிய வரலாறு பற்றிய கட்டுரைகள் 1836இலும், விவிலியத்தில் இடம்பெறும் செடிகொடிகள் பற்றிய நூல் 1842இலும் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள் அவர் மறைந்தார். இலண்டன் கென்சல் கிரீன் கல்லறையில் கணவருடன் அடக்கம் செய்யப்பட்டார். 2008இல் சிலி அரசின் பொருளுதவியால் அக்கல்லறை புதுப்பிக்கப்பட்டது. அவரது சிலி நாட்குறிப்பு ஸ்பானிய மொழியில் பெயர்க்கப்பட்டு, விடுதலைக்காலச் சிலி வரலாற்றின் மூலநூல்களுள் ஒன்றாக நிலைபெற்றுள்ளது.

முடிவுரை

மரியாவுக்குப் பின் 1834இல் செருமானிய ஓவியர் ருகெண்டாசும், 1866இல் அமெரிக்க ஓவியர் விசுலரும் சிலி மண்ணுக்கு வந்தனர். இருவர் தூரிகையிலும் வால்பரைசோ இடம்பெற்றது. இன்று அந்நகரின் குன்றுச் சுவர்கள் ஓவியங்களால் நிறைந்துள்ளன; 2003இல் அதன் வரலாற்றுப் பகுதி உலக மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. ஓவியரும் பயணியரும் நாடிவரும் நகராக அது புகழ்பெறுவதற்கு நெடுநாள் முன்பே, துயருற்ற ஒரு பெண் அங்கு வீடெடுத்துத் தங்கி, வரைந்தும் எழுதியும் அதனைப் பதிவு செய்தார்.

மாமல்லபுரத்துப் பாறையை வரைந்த அதே கண்தான் குயிந்தேரோவின் பாறையில் இறந்த சிப்பிகளைக் கண்டது. ஒரு பொருளை வரைவோர் அதன் முந்தைய நிலையையும் மாறிய நிலையையும் நினைவில் நிறுத்தப் பழகியவர். அப்பழக்கத்தோடு ஓரூரில் நெடுநாள் தங்கியமையும் சேர்ந்தபோது, மரியாவின் நாட்குறிப்பு சான்றாவணமாயிற்று. பயண நூல்களை மூலங்களாகக் கொள்ளும் ஆய்வாளர், எழுதியவரின் பதவியையும் சார்ந்த கழகத்தையும் மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், அவர் எத்தனை நாள் தங்கினார், யாருடன் அமர்ந்தார், எதனைத் தொட்டறிந்தார் என்பவற்றையும் ஆராயவேண்டும் என்பதை அவரது வாழ்க்கை உணர்த்துகிறது.