பிடியரிசி வளர்த்த பிள்ளை: காமராஜர் சரிதம்

ஒரு சிறுவன் கற்பதும் கல்லாதொழிவதும் அவனது புத்தியொன்றையே பொறுத்தனவல்ல. அவனுடைய ஊரார் அவன்பொருட்டு யாது செய்தனர், அரசினர் யாது ஈந்தனர் என்னும் இரண்டையும் பொறுத்தனவாம். இவ்வுண்மையைத் தம் வாழ்விலேயே கண்டுணர்ந்த பெருந்தகை காமராஜர். அவர்தம் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அவர் 1903ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15ஆம் தேதி, பின்னாளில் விருதுநகர் எனப் பெயர்பெற்ற விருதுபட்டியில், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றினார். அவ்வூர் நாடார் சமூகத்தார், வியாபாரத்தில் மகமையென ஒரு சிறு தொகை ஒதுக்குவதோடு, வீடுதோறும் சோறாக்கும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனியே சேர்த்தும் வந்தனர். அப்பிடியரிசியின் பயனால் க்ஷத்திரிய வித்தியாசாலை நடைபெற்றது. கோயில் வாயில்கள் தமக்கு அடைபட்டிருந்த காலத்தில், கல்வி வாயிலை அவர்கள் தாமே திறந்துகொண்டனர். அடுப்படியில் நின்ற தாய்மாரே அப்பள்ளியின் புரவலர் எனல் மிகையாகாது.

அவ்வித்தியாசாலையிலேயே காமராஜரும் பயின்றார். ஆயின் இளமையிலேயே தந்தையார் காலஞ்சென்றார். அன்னையார் தம் நகைகளை விற்று, அப்பணத்தின் வட்டியைக்கொண்டு குடும்பம் நடத்தலாயினர். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. சிறுவர் தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்கமர்ந்தார். ஊராரின் பிடியரிசி பள்ளியை நிலைநிறுத்திற்று. வீட்டின் வறுமையை விலக்க அதனால் இயலவில்லை.

பின்னர் அவர் தேசத்தொண்டிற் புகுந்து, 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம் முதலாகப் பன்முறை சிறை புகுந்தார். 1954ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியானார். முந்தைய ஆண்டில் ஏற்பட்டிருந்த அரைநாட் பள்ளித் திட்டத்தை அவ்வாண்டிலேயே கைவிடச் செய்தார். சிற்றூர்களிலும் பள்ளிகள் பெருகின.

பள்ளி அணித்தே இருந்தும் பசித்த பிள்ளை அங்கு வாரான் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். ஆதலின் 1956ஆம் ஆண்டில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. முதற்கண் ஊரார் தாமே அரிசியும் காய்கறியும் ஈந்து உணவளித்தனர். மறு ஆண்டு அரசினர் மானியம் வழங்கலாயினர். செலவில் 10 பங்கில் 6 பங்கு அரசினரும், 4 பங்கு ஊராரும் ஏற்பதென ஏற்பாடாயிற்று. கல்வித்துறைத் தலைவர் நெ. து. சுந்தரவடிவேலு 1958ஆம் ஆண்டு முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைக் கூட்டினார். அவற்றில் சிலர் நிலமும், சிலர் கட்டடமும், சிலர் பலகையும் சீருடையும் உவந்தளித்தனர். விருதுபட்டியின் பிடியரிசி ராஜ்யமெங்கும் பரந்து, அரசாங்கப் பொக்கிஷத்தோடு கைகோத்ததென்றே யாம் கருதுகின்றோம்.

மணம் புரியாதும், தமக்கெனப் பொருள் சேர்க்காதும் வாழ்ந்த அவர், 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார். அவர் தொடங்கிய சோற்றுப்பந்தி 1982ஆம் ஆண்டில் சத்துணவாக விரிந்தது; 2022ஆம் ஆண்டில் காலையுணவும் அதனோடு சேர்ந்தது.

அன்பர்களே! சங்கங்கள் பலவும் ஆண்டுதோறும் முதன்மையாய்த் தேறிய மாணவர்க்குப் பரிசளித்து மகிழ்கின்றன. அது நன்றே. ஆயினும் ஆறாம் வகுப்போடு நின்ற காமராஜர் எந்தப் பரிசுப் பட்டியலிலும் இடம்பெற்றிரார். அவர் பள்ளியை விட்ட நாளில், அவர்தம் வீட்டுக் கதவைத் தட்டிக் காரணம் வினவி, கைகொடுத்தார் ஒருவர் இருந்திருப்பின் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நம் தெருவிலும் இவ்வாண்டு பள்ளியை விட்ட பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். அப்பிள்ளை எக்குலத்ததாயினும் ஆகுக. அரசினர் ஈவதை அதற்குப் பெற்றுத்தருவதும், ஈயாத குறையை நம் கையால் நிரப்புவதும் நம் கடன். ஒரு பிடியரிசி பெரிதன்று. அது நாள்தோறும் தவறாது விழுவதே பெரிது.