கடைசி கச்சேரி, 40 டிகிரி காய்ச்சல்... இசைமேதை மாலரின் ரத்தத்தில் இருந்தது என்ன?

1911 பிப்ரவரி 21, நியூயார்க் கார்னகி ஹால். மேடையில் இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்தவருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. சுமார் 40 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வந்தவர், கச்சேரியை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். அதன்பிறகு அவர் மேடை ஏறவே இல்லை.

அவர் குஸ்டாவ் மாலர். மேற்கத்திய இசையின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. அவரைக் கொன்றது இதய வால்வில் ஏற்பட்ட தொற்று. மெடிக்கல் கோடிங் வேலையில் இருப்பவர்கள் இன்றும் திணறும் கேஸ்களில் இதுவும் ஒன்று. ஏன் என்பதற்கு மாலரின் கடைசி மாதங்களே நல்ல உதாரணம்.

யார் இந்த மாலர்?

1860-ல் இன்றைய செக் குடியரசில் உள்ள கலிஷ்டே கிராமத்தில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். உடன்பிறந்தவர்களில் பலர் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள். 15 வயதில் வியன்னா இசைக் கல்லூரி. 1897-ல் வியன்னா அரசவை ஓபராவின் இயக்குநர். அந்தப் பதவி யூதருக்குக் கிடைக்காது என்ற நிலையில், அதே ஆண்டு கத்தோலிக்க மதத்துக்கு மாறியிருந்தார். பத்து வருடம் அங்கே ராஜாங்கம். கோடை விடுமுறையில் மட்டும் சிம்பொனி எழுதுவார். மலை ஏறுவது, ஏரியில் நீந்துவது, சைக்கிள் ஓட்டுவது என்று உடம்பைச் சும்மா விடாத ஆள்.

எல்லாம் மாறியது 1907 ஜூலையில். மூத்த மகள் மரியா, ஸ்கார்லெட் காய்ச்சலும் தொண்டை அடைப்பானும் சேர்ந்து தாக்கியதில் 4 வயதில் இறந்தாள். அந்தத் துக்கத்துக்கு நடுவே வீட்டுக்கு வந்த டாக்டர் மாலரையும் சோதித்தார். இதயத் துடிப்பில் சத்தம் வேறுபட்டது. வால்வில் கோளாறு. வியன்னா நிபுணரும் அதை உறுதி செய்தார். மலை ஏறக் கூடாது, நீந்தக் கூடாது. பாவம், எத்தனை அடி நடந்தோம் என்று கருவி வைத்து எண்ணும் நிலைக்கு வந்துவிட்டார்.

அவருடைய 9-வது சிம்பொனியின் தொடக்கத் தாளம், தடுமாறும் அவரது இதயத் துடிப்புதான் என்று சொல்வது உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு ஆதாரம் கிடையாது.

1908 முதல் நியூயார்க். 1910 செப்டம்பரில் ம்யூனிக்கில் 8-வது சிம்பொனி அரங்கேற்றம். மேடையில் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல். அவர் வாழ்நாளில் பார்த்த மிகப் பெரிய வெற்றி அதுதான்.

காய்ச்சல் ஏன் இறங்கவில்லை?

பிப்ரவரியில் வந்த காய்ச்சல் குறைவதும் ஏறுவதுமாக இருந்தது. அவரது டாக்டர் ஜோசப் ஃப்ராங்கெல், மவுண்ட் சினாய் மருத்துவமனையின் இமானுவேல் லிப்மனை அழைத்தார். இந்த நோயில் அன்றைக்கு அவரை விட்டால் ஆள் இல்லை. முந்தைய ஆண்டுதான் இதற்கான காரணங்கள் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருந்தார்.

லிப்மன் பார்த்தவை: இதயத்தில் முர்முர் சத்தம், வீங்கிய மண்ணீரல், கண்ணிலும் தோலிலும் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள், லேசாகப் பருத்த விரல் நுனி. பிறகு உதவியாளர் ஜார்ஜ் பேயர் ரத்தம் எடுத்தார். சில நாட்களில் கல்சர் தட்டு முழுக்க ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி.

இந்தக் கிருமியின் ஒரு வகை சாதாரணமாக நம் வாயிலேயே இருப்பதுதான். ரத்தத்தில் கலந்து, ஏற்கெனவே பழுதான வால்வில் ஒட்டிக்கொண்டால்தான் ஆபத்து. பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928-ல். இந்த நோய்க்குப் பயன்பட்டது 1940-களில். அப்போ 1911-ல் அந்த ரிப்போர்ட்டின் அர்த்தம்? மரணம். மறைக்காமல் சொல்லுங்கள் என்று மாலர் கேட்டார். சொன்னார்கள். அப்படியானால் வியன்னாவில் சாகிறேன் என்று முடிவெடுத்தார்.

இன்றைக்கு இதே கேஸ் வந்தால்?

சென்னையிலும் கோவையிலும் அமெரிக்க மருத்துவமனை சார்ட்களைப் பார்க்கும் கோடர் ஒருவரிடம் இது வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐசிடி-10 முறைப்படி, தீவிர வால்வு தொற்றுக்கு ஐ33.0. கிருமிக்குத் தனியாக இன்னொரு கோடு: பி95.4. இரண்டும் சேர்ந்தால்தான் படம் முழுமை.

சிக்கல் எங்கே? டாக்டர் வெறும் எண்டோகார்டைட்டிஸ் என்று மட்டும் எழுதினால், கேஸ் ஐ38 என்ற பொத்தாம்பொதுவான கோடுக்குப் போய்விடும். காய்ச்சல் என்று மட்டும் எழுதினால் ஆர்50.9. லேப் ரிப்போர்ட்டில் கிருமி இருக்கிறதே என்று கோடர் தானாக நோயின் பெயரைப் போட முடியாது. அது டாக்டரின் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருக்குக் கேள்வி அனுப்பித்தான் ஆக வேண்டும். பழைய வால்வு கோளாறும் அப்படியே. ருமாட்டிக் என்று டாக்டர் எழுதினால் மைட்ரல் வால்வுக்கு ஐ05 பிரிவு, ருமாட்டிக் அல்ல என்றால் ஐ34. செயற்கை வால்வில் தொற்று என்றால் டி82.6 என்று கதையே வேறு.

இத்தனைக்கும் மாலரின் கேஸில் லிப்மன் என்ன பார்த்தார் என்பது இன்றைக்குத் தெரிவதற்குக் காரணம், பேயர் பல பத்தாண்டுகள் கழித்து எழுதிக் கொடுத்த நினைவுக் குறிப்புதான். அது இல்லையென்றால் இதய நோயால் இறந்தார் என்ற ஒற்றை வரியோடு விஷயம் முடிந்திருக்கும்.

ஏப்ரலில் கப்பலில் ஐரோப்பா திரும்பினார். பாரிஸில் மீண்டும் ரத்தப் பரிசோதனை. கிருமி அப்படியேதான் இருந்தது. மே மாதம் ரயிலில் வியன்னா. மே 18 இரவு உயிர் பிரிந்தது. 51-வது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

வியன்னாவின் கிரின்ட்ஸிங் கல்லறையில், மகள் மரியாவுடன் புதைக்கப்பட்டார். கல்லில் பட்டம் இல்லை, தேதி இல்லை. குஸ்டாவ் மாலர் என்ற பெயர் மட்டும்.